"கியர்பாக்ஸ் போச்சு"ன்னா உடனே ஓகே சொல்லாதீங்க: ஆட்டோமேட்டிக் கார் வச்சிருக்கிறவங்களுக்கான செலவுப் பாடம்



ஸ்ரீரங்கத்துல வீடு, தில்லை நகர்ல ஆபீஸ்னு வச்சுக்கோங்க. தினமும் மாம்பழச் சாலை, காவிரிப் பாலம், சத்திரம்னு ஊர்ந்து போற பயணம். கிளட்ச் மிதிச்சு கால் வலிக்குதேன்னு தான் நிறைய பேர் ஆட்டோமேட்டிக் கார் வாங்குறாங்க. அஞ்சாறு வருஷம் கழிச்சு ஒரு நாள் கார் உதறுது. இல்லேன்னா 'டி'ல போட்டும் நகர மாட்டேங்குது. சர்வீஸ் சென்டர்ல விட்டா சாயங்காலம் போன் வருது: "சார், கியர்பாக்ஸ் அசெம்பிளி மாத்தணும். ஒண்ணே முக்கால் லட்சம் ஆகும். அப்ரூவல் கொடுங்க."

மாசம் 45,000 சம்பளம் வாங்குறவருக்கு இது கிட்டத்தட்ட நாலு மாசச் சம்பளம். எமர்ஜென்சி ஃபண்ட் மொத்தமும் ஒரே போன் காலில் காலி. அதனால இந்தப் பாடத்துல ஒரே ஒரு விஷயத்தை மனசுல பதிய வைக்கலாம்: "கியர்பாக்ஸ் போச்சு" என்பது முடிவு கிடையாது, அது ஒரு சந்தேகம். அதை நிரூபிச்ச பிறகுதான் பணம் கட்டணும். நிரூபிக்கிறதுக்கு ஒரு வரிசை இருக்கு. காசு செலவாகாத சோதனை முதல்ல, விலை அதிகமான வேலை கடைசியில.

## 1. உங்க கார்ல இருக்கிறது எந்த ஆட்டோமேட்டிக்?

ஆட்டோமேட்டிக்னு பொதுவா சொன்னாலும் உள்ளே நாலு வகை இருக்கு. நோய் வேற, வைத்தியம் வேற, பில்லும் வேற.

- ஏ.எம்.டி.: உள்ளே இருக்கிறது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ் தான். கிளட்ச் மிதிக்கிறதையும் கியர் மாத்துறதையும் உங்களுக்குப் பதிலா ஒரு ஆக்சுவேட்டர் செய்யுது. 2014-ல் மாருதி செலெரியோ மூலமா இந்தியாவுல பரவலானது இந்த வகை. கிளட்ச் பிளேட் தேய்றதுதான் இதுல வழக்கமா வர்ற பிரச்சினை.
- டார்க் கன்வெர்ட்டர்: பழைய, நம்பகமான முறை. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஆயில் தான் சக்தியைக் கடத்துது. ஆயில் கெட்டா எல்லாம் கெடும்.
- சி.வி.டி.: தனித்தனி கியர் கிடையாது. இரண்டு புல்லிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டீல் பெல்ட் அல்லது செயின். ஆக்சிலரேட்டர் அழுத்தினதும் சத்தம் முதல்ல ஏறி வேகம் மெதுவா ஏறினா, அது பெரும்பாலும் இதோட இயல்பு. அதைப் பழுதுன்னு நினைச்சு பயப்பட வேண்டாம்.
- டி.சி.டி.: இரட்டை கிளட்ச். ஓட்ட சுகமா இருக்கும். டிரை கிளட்ச் வகைக்கு இன்ச் இன்ச்சா நகர்ற டிராஃபிக்கும் சூடும் ஆகாது.

எந்த வகைன்னு தெரியலையா? ஓனர் மேனுவலைப் பாருங்க. இது தெரியாம எஸ்டிமேட்டைப் பேசவே ஆரம்பிக்காதீங்க.

## 2. முதல் சோதனை: செலவு ரூ. 0

காரை ஒர்க்‌ஷாப்ல விடுறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. கையில் போன் இருக்கு, வீடியோ எடுத்து வச்சுக்கோங்க. பின்னாடி உதவும்.

1. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது: பிரேக்கை நல்லா மிதிச்சுக்கிட்டு 'பி'யிலிருந்து 'ஆர்', அப்புறம் 'டி'. கியர் பிடிக்க எத்தனை செகண்ட் ஆகுதுன்னு எண்ணுங்க. இரண்டு செகண்டுக்கு மேல போனாலோ, 'தட்'னு பலமா இடிச்சாலோ குறிச்சுக்கோங்க. ஏ.எம்.டி.யில் 'பி' இருக்காது, 'என்'லிருந்து பாருங்க.
2. சமமான ரோட்ல பிரேக்கை விட்டதும் கார் தானா மெதுவா நகருதான்னு பாருங்க.
3. 20-லிருந்து 60 கி.மீ. வரை சீரா வேகம் ஏத்துங்க. ஆர்.பி.எம். முள் மட்டும் ஏறி வேகம் ஏறலைன்னா அது ஸ்லிப். கிளட்சோ, உள் பிரெஷரோ பலவீனமா இருக்குன்னு அர்த்தம்.
4. 50 – 70 கி.மீ. வேகத்துல லேசா ஆக்சிலரேட்டரை வச்சுக்கிட்டு போங்க. நம்பர் 1 டோல்கேட் தாண்டி சமயபுரம் போற ரோடு மாதிரி தடையில்லாத இடம் இதுக்கு வசதி. கரடு முரடான ரோட்ல போற மாதிரி ஒரு நடுக்கம் வந்து, ஆக்சிலரேட்டரை விட்டதும் நின்னா, டார்க் கன்வெர்ட்டர் லாக்-அப் பக்கம் சந்தேகம்.
5. அரை மணி நேரம் டிராஃபிக்ல ஓட்டின பிறகு இதே சோதனைகளைத் திரும்பச் செய்யுங்க. ஆறினா சரியா இருக்கு, சூடானா மட்டும் பிரச்சினைன்னா அது ரொம்ப முக்கியமான தகவல்.
6. ராத்திரி காருக்கு அடியில் ஒரு அட்டை போட்டு வைங்க. காலையில் நிறமில்லாத சொட்டுன்னா பெரும்பாலும் ஏசி தண்ணி. சிவப்பா, பிசுபிசுப்பா இருந்தா கியர் ஆயில் கசிவா இருக்கலாம்.

பிரேக்கை அழுத்தி, ஆக்சிலரேட்டரையும் முழுசா மிதிச்சுப் பார்க்குற 'ஸ்டால் டெஸ்ட்' ஒண்ணு இருக்கு. அதை நீங்களா செய்யாதீங்க. சில செகண்ட்ல ஆயில் கொதிச்சுடும்.

## 3. கியர்பாக்ஸ் மாதிரி நடிக்கிற சின்னப் பழுதுகள்

உங்க பணத்தைக் காப்பாத்தப் போற பகுதி இதுதான். கீழே இருக்கிற எதுவுமே கியர்பாக்ஸ் பழுது கிடையாது. ஆனா எல்லாமே அதே மாதிரி தெரியும்.

- லிவர் 'பி'யிலேயே மாட்டிக்குது: முதல்ல யாரையாவது காருக்குப் பின்னாடி நிக்க வச்சு, பிரேக் மிதிச்சா லைட் எரியுதான்னு கேளுங்க. எரியலைன்னா பிரேக் சுவிட்ச் போயிருக்க வாய்ப்பு அதிகம். நீங்க பிரேக் மிதிச்சது காருக்கே தெரியலை, அதான் லிவரை விடலை.
- ஏ.எம்.டி. கியர் விழ மாட்டேங்குது, 'என்' மினுக்குது: பேட்டரியைப் பாருங்க. எஞ்சின் ஆஃப்ல 12.6 வோல்ட் இருந்தா ஃபுல் சார்ஜ், 12.2க்குக் கீழே போனா பலவீனம். எஞ்சின் ஓடும்போது 13.5-லிருந்து 14.7 வரை இருக்கணும். வோல்டேஜ் இல்லாம ஆக்சுவேட்டர் வேலை செய்யாது.
- 'டி' போட்டதும் 'தட்' சத்தம்: எஞ்சின் மவுன்ட் ரப்பர் கிழிஞ்சிருக்கலாம்.
- வேகம் ஏத்தும்போது உதறல்: ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில். ஒரு சிலிண்டர் சரியா எரியலைன்னா வர்ற உதறலும், கியர்பாக்ஸ் உதறலும் சீட்ல உக்காந்திருக்கிறவருக்கு ஒரே மாதிரி தான் இருக்கும்.
- கியர் மாறுறதுல தடுமாற்றம், கூடவே ஏ.பி.எஸ். லைட்: வீல் ஸ்பீட் சென்சார். கார் என்ன வேகத்துல போகுதுன்னு தெரியாம கம்ப்யூட்டர் குழம்புது.

இந்த அஞ்சையும் சோதிக்க ஆகுற செலவு, அசெம்பிளி விலைக்குப் பக்கத்துலகூட வராது. அதனால "இதெல்லாம் செக் பண்ணிட்டீங்களா?"ன்னு வரிசையா கேளுங்க.

## 4. ஸ்கேன் எடுங்க, கோடை எழுதி வாங்குங்க

ஸ்டியரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. போர்ட் இருக்கும். அதுல ஸ்கேனர் மாட்டினா கார் தன்னோட குறையைக் கோடா சொல்லும். அடிக்கடி வர்ற சில கோடுகள்:

- பி 0700: இதைக் காட்டி "கியர்பாக்ஸ் போச்சு"ன்னு சொன்னா நம்பாதீங்க. "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்ல ஒரு கோடு இருக்கு, அங்கே போய்ப் பாரு" என்பது மட்டும்தான் இதோட அர்த்தம்.
- பி 0730: கியர் விகிதம் பொருந்தலை. ஸ்லிப் இருக்கலாம்.
- பி 0741: டார்க் கன்வெர்ட்டர் லாக்-அப் சரியா பிடிக்கலை.
- பி 0868: ஆயில் பிரெஷர் குறைவு.
- பி 0562: வோல்டேஜ் குறைவு. பேட்டரி அல்லது ஆல்டர்னேட்டர் பக்கம் பாருங்க.
- பி 0300: எஞ்சின் மிஸ்ஃபயர். கியர்பாக்ஸுக்கு இதுல சம்பந்தமே இல்லை.

இரண்டு எச்சரிக்கை. ஸ்கேன் எடுக்குறதுக்கு முன்னாடி பேட்டரி வயரைக் கழட்டி மாட்ட விடாதீங்க, தடயம் அழிஞ்சுடலாம். அடுத்தது, விலை குறைஞ்ச புளூடூத் ஸ்கேனர் எஞ்சின் கோடை மட்டும் தான் பெரும்பாலும் காட்டும். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள்ளே போய்ப் படிக்க, அந்தக் கம்பெனி கார்களுக்குப் பொருந்துற ஸ்கேனர் வேணும். அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரின்ட்டாவோ வாட்ஸ்அப்பிலோ வாங்கிக்கோங்க. அது இல்லாம வந்தா அது எஸ்டிமேட்டே கிடையாது.

## 5. ஆயில்: உலகமே பார்த்த ஒரு பாடம்

ஃபோக்ஸ்வேகன் கம்பெனியோட 7 ஸ்பீட் டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க. 2013 மார்ச்சில் சீனாவுல மட்டும் 3,84,181 கார்களை அந்தக் கியர்பாக்ஸுக்காகத் திரும்ப அழைச்சாங்க. அதே வருஷம் நவம்பர்ல உலக அளவுல சுமார் 16 லட்சம் கார்கள். அந்த இரண்டாவது அழைப்புல செஞ்ச வேலை என்ன தெரியுமா? சிந்தெட்டிக் ஆயிலை எடுத்துட்டு மினரல் ஆயில் ஊத்தினாங்க. வெப்பமும் ஈரப்பதமும் அதிகமா இருக்கிற ஊர்ல, நின்னு நின்னு போற டிராஃபிக்ல, சிந்தெட்டிக் ஆயிலால மின்சாரப் பழுது வரலாம்னு கம்பெனியே சொன்ன காரணம்.

வெப்பம், நின்னு நின்னு போற டிராஃபிக். மே மாசத்துல 40 டிகிரியைத் தாண்டுற நம்ம திருச்சிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதுல நமக்கு இருக்கிற பாடம், எல்லாரும் ஆயிலை மாத்தணும் என்பது இல்லை. சரியான ஆயில், சரியான அளவு, சரியான நேரம் என்பதுதான்.

- சி.வி.டி.க்கு அதுக்குன்னே இருக்கிற ஆயில் தான் ஊத்தணும். "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் இது ஒத்துக்கும்"னு சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. மேனுவல்ல என்ன கிரேடு எழுதியிருக்கோ அதே தான், பில்லிலும் அந்தப் பேர் வரணும்.
- நிறைய கார்ல ஆயில் பார்க்குற குச்சியே கிடையாது. குறிப்பிட்ட சூட்டுல, லிஃப்ட்ல ஏத்தி, லெவல் பிளக் வழியாத்தான் அளக்கணும். கீழே குனிஞ்சு பார்த்துட்டு "ஆயில் ஓகே"ன்னு சொன்னா அது சோதனை இல்லை.
- "லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்"னு சொல்றாங்களா? டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ் தயாரிக்கிற ஜெர்மனியின் இசட்.எஃப். கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 வருஷத்துக்குள் ஆயில் மாத்தச் சொல்லுது. உங்க மேனுவல்ல 'கடினமான பயன்பாடு'ன்னு தனி அட்டவணை இருக்கான்னு பாருங்க. சூடும் நெரிசலும் அதுல தான் வரும்.
- ஆயில் கருத்து, கருகின வாடை அடிச்சு, உலோகத் துகள்களும் இருந்தா உள்ளே தேய்மானம் ஆரம்பிச்சாச்சு. அப்போ புது ஆயில் மட்டும் காப்பாத்தாது. இதை வடிக்கும்போது பக்கத்துல நின்னு பாருங்க, போட்டோ எடுங்க.

## 6. உண்மையிலேயே பழுதுன்னா, முழு அசெம்பிளி தான் வழியா?

பெரும்பாலும் நடுவுல ஒரு படி இருக்கும்.

- ஏ.எம்.டி.: கிளட்ச் பிளேட், பிரெஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் சேர்ந்த செட் மாத்தினாலே பல கார் சரியாகும். மாத்தின பிறகு ஸ்கேனர் வச்சு 'கிளட்ச் லேர்னிங்' செய்யணும். அதை விட்டுட்டா புது கிளட்சிலும் உதறல் வரும், நீங்களும் "இன்னும் சரியாகலையே"ன்னு அடுத்த செலவுக்குத் தயாராகிடுவீங்க.
- டார்க் கன்வெர்ட்டர்: ஆயில், ஃபில்டர், அப்புறம் சோலனாய்டு, வால்வ் பாடி. இதெல்லாம் தாண்டித்தான் உள் கிளட்ச் வேலை.
- டி.சி.டி.: கிளட்ச் செட் வேற, மெக்கட்ரானிக்ஸ் யூனிட் வேற. எது போச்சுன்னு தனியா கேளுங்க.
- சி.வி.டி.: பெல்ட்டும் புல்லியும் கீறல் விழுந்தா செலவு பெருசு தான். ஆனா சோலனாய்டு, வால்வ் பாடி பழுதைத் தனியா பார்க்க முடியும்.

ரீகண்டிஷன் அல்லது செகண்ட் ஹேண்ட் கியர்பாக்ஸ் போடலாம்னு சொன்னா மூணு விஷயம் எழுத்துல வேணும்: பார்ட் நம்பர் பொருந்துது, கம்ப்யூட்டர்ல கோடிங் செஞ்சு தருவாங்க, குறைஞ்சது ஆறு மாச வாரண்டி.

எஸ்டிமேட் வந்ததும் இந்த அஞ்சு கேள்வியை அப்படியே கேளுங்க:

1. என்ன கோடு வந்துச்சு? ரிப்போர்ட் அனுப்புங்க.
2. எந்தப் பார்ட் போச்சுன்னு எப்படி உறுதி செஞ்சீங்க?
3. பார்ட், லேபர், ஆயில், ஜி.எஸ்.டி. தனித்தனியா எவ்வளவு? (2025 செப்டம்பர் 22-லிருந்து எல்லா வாகன உதிரி பாகத்துக்கும் 18% தான். பழைய 28% போட்டிருந்தா கேளுங்க.)
4. கழட்டின பழைய பார்ட்டை எனக்குக் காட்டுவீங்களா?
5. செஞ்ச வேலைக்கு எத்தனை மாசம் வாரண்டி?

பதில் மழுப்பலா வந்தா, காரை எடுத்து இன்னொரு இடத்துல காட்டுங்க. சோதனைக் கட்டணமா கொஞ்சம் பணம் போனா பரவாயில்லை. ஓடாத ஆட்டோமேட்டிக் காரை இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுக்காதீங்க. ஃபிளாட்பெட் வண்டியில் ஏத்துங்க. உங்க இன்சூரன்ஸ் பாலிசியில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருந்தா அதுலயே அனுப்புவாங்க.

## 7. இந்தச் செலவை வேற யாராவது ஏத்துக்குவாங்களா?

வாரண்டி: கம்பெனி வாரண்டியோ எக்ஸ்டெண்டட் வாரண்டியோ உயிரோட இருக்கான்னு தேதியையும் கி.மீ.யையும் பாருங்க. கியர்பாக்ஸ் உள் பாகங்கள் அதுல வரலாம். கிளட்ச் பிளேட் 'தேய்ற பொருள்'னு பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். சர்வீஸைத் தவற விட்டிருந்தா கிளெய்ம் சிக்கலாகும்.

இன்சூரன்ஸ்: சாதாரண பாலிசி இயந்திரப் பழுதுக்கும் தேய்மானத்துக்கும் பணம் தராது. 'எஞ்சின் ப்ரொடெக்ட்' ஆட்-ஆன் இருந்தா, தண்ணி புகுந்தோ, அடிபட்டு ஆயில் கசிஞ்சோ கியர்பாக்ஸ் கெட்டா கிடைக்கலாம். மழைத் தண்ணி தேங்கின சப்வேயில் காரை விடாதீங்க. நின்னு போச்சுன்னா திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க.

நுகர்வோர் உரிமை: பழுதே இல்லாத பார்ட்டை மாத்திட்டாங்க, மாத்தியும் சரியாகலை, பில் மட்டும் வந்துச்சுன்னா முதல்ல எழுத்துல புகார். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுக்கும் மசியலைன்னா திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்க கட்டின தொகை 5 லட்சம் வரைன்னா புகார் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போகணும். ஆதாரம் என்ன? மேலே சொன்ன வீடியோ, ஸ்கேன் ரிப்போர்ட், எஸ்டிமேட், பில். அதனால தான் ஒவ்வொண்ணையும் சேர்த்து வைக்கச் சொன்னேன்.

## 8. ரிப்பேரா, விற்கிறதா? கணக்கைப் போடுங்க

எல்லாம் சோதிச்சாச்சு, ரூ. 1.4 லட்சம் செலவு உறுதின்னு ஆயிடுச்சு. வீட்ல சொல்லுவாங்க: "இந்தக் காருக்கு இவ்வளவா? வித்துட்டு புதுசு வாங்கு." ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம்.

நல்லா ஓடினா காரோட மதிப்பு 4.5 லட்சம். இப்போ இருக்கிற நிலையில் 3 லட்சத்துக்குத் தான் கேக்குறாங்க.

வழி 1: ரிப்பேர் செஞ்சு 3 வருஷம் ஓட்டுறது. ரிப்பேர் 1.4 லட்சம். பழைய கார் என்பதால கூடுதல் பராமரிப்புக்கு 60,000 வச்சுக்கலாம். மூணு வருஷம் கழிச்சு 3 லட்சத்துக்குப் போகுதுன்னா, உங்களுக்கு ஆன மொத்தச் செலவு 2 லட்சம்.

வழி 2: 3 லட்சத்துக்கு வித்து, அதையே முன்பணமா கட்டி 11 லட்சம் காரு. மீதி 8 லட்சம் கடன், 9.5% வட்டி, 5 வருஷம். இ.எம்.ஐ. சுமார் 16,800. முதல் மூணு வருஷத்துல வட்டி மட்டும் சுமார் 1.7 லட்சம். காரோட மதிப்பு 7 லட்சத்துக்கு இறங்கினா அதுல 4 லட்சம் போச்சு. மொத்தச் செலவு 5.7 லட்சம்.

1.4 லட்சம் எஸ்டிமேட் கண்ணுக்குப் பயங்கரமா தெரியுது. 16,800 இ.எம்.ஐ. சின்னதா தெரியுது. ஆனா அந்தச் சின்னது தான் உங்களை அதிகமா சாப்பிடுது.

எப்போ விற்கலாம்? ரிப்பேர் செலவு, நல்லா ஓடுற காரோட மதிப்புல பாதியைத் தாண்டினா. கூடவே எஞ்சின், சஸ்பென்ஷன்னு வேற பெரிய வேலையும் வரிசையில் நின்னா. வெள்ளத்துல மூழ்கின காரா இருந்தா. அப்போ பழுதை மறைக்காம சொல்லியே வித்துடுங்க.

பணம் எங்கிருந்து? கிரெடிட் கார்டுல தேய்ச்சுட்டு மினிமம் மட்டும் கட்டிட்டு வந்தா, மாசம் 3.5% வட்டின்னா 1.4 லட்சத்துக்கு முதல் மாசமே 4,900, அதுக்கு மேல ஜி.எஸ்.டி. பர்சனல் லோன் 14%, 3 வருஷம்னா இ.எம்.ஐ. சுமார் 4,785, மொத்த வட்டி சுமார் 32,000. எமர்ஜென்சி ஃபண்ட்ல பாதி, மீதி குறைஞ்ச வட்டிக் கடன்னு பிரிச்சா ஃபண்டும் முழுசா காலியாகாது, வட்டியும் குறையும்.

## 9. இன்னைக்கே ஆரம்பிக்க வேண்டியது

ஓட்டுற பழக்கம்: காவிரிப் பாலத்துல இன்ச் இன்ச்சா முன் காரை முட்டுற மாதிரி நகராதீங்க. கொஞ்சம் இடைவெளி விழட்டும், அப்புறம் ஒரே நகர்வா போங்க. மேம்பால ஏத்தத்துல சிக்னலுக்கு நிக்கும்போது ஆக்சிலரேட்டரால காரைத் தாங்கிப் பிடிக்காதீங்க, பிரேக் போடுங்க. ஏ.எம்.டி., டி.சி.டி. இரண்டுலயும் கிளட்ச் எரியிறது அங்கே தான். வைகுண்ட ஏகாதசி மாதிரி ஸ்ரீரங்கமே நிரம்பி வழியிற நாள்ல காரை வீட்லயே விட்டுட்டு நடந்து போறது கியர்பாக்ஸுக்கும் நல்லது. 'டிரான்ஸ்மிஷன் ஓவர்ஹீட்'னு மெசேஜ் வந்தா ஓரமா நிறுத்தி ஆற விடுங்க. கார் முழுசா நிக்கிறதுக்கு முன்னாடி 'ஆர்', 'டி' மாத்தாதீங்க.

கியர்பாக்ஸ் ஆர்.டி.: வாரண்டி முடியிற மாசத்துலிருந்து மாசம் 1,500 ரூபாய் ஒரு தனி ஆர்.டி.யில் போடுங்க. 6.5% வட்டின்னா மூணு வருஷத்துல 59,000க்கு மேல சேரும். அது எமர்ஜென்சி ஃபண்டுக்கு முன்னாடி நிக்கிற காவல்.

செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் வாங்கப் போறீங்களா? பகுதி 2-ல் இருக்கிற ஆறு சோதனையையும் அந்தக் கார்ல செய்யுங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடியே எஞ்சினைச் சூடாக்கி வச்சிருந்தா, "நாளைக்குக் காலையில் வர்றேன், ஸ்டார்ட் பண்ணாம வைங்க"ன்னு சொல்லிட்டு வாங்க.

இந்தப் பதிவோட பகுதி 2, 3, 6 மூணையும் போன்ல சேமிச்சு வைங்க. சர்வீஸ் சென்டர்ல இருந்து போன் வர்ற அன்னைக்கு "கொஞ்சம் பொறுங்க, ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்புங்க"ன்னு சொல்ல உங்களுக்கு ஒரு நிமிஷம் தான் ஆகும். அப்ரூவல் அதுக்கப்புறம் கொடுக்கலாம்.